ஜோன் மிட்செல் வரைந்தது நிலக்காட்சிதானா?

கரிக்கோடு:
அமெரிக்க அருவ ஓவியர் மிட்செலின் ‘ஹெம்லாக்’ (ஒருவகை ஊசியிலை மரம், 1956) படத்தில் பனிக்கால மரம் காற்றில் ஆடுகிறதாம். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். பச்சையும் நீலமும் வெள்ளைமேல் விசிறியடித்த தீற்றல்கள், அவ்வளவுதான். அந்தப் பெயரே படம் முடிந்த பிறகு, அமெரிக்கக் கவிஞர் வாலஸ் ஸ்டீவன்ஸின் கவிதையிலிருந்து எடுத்து வைத்தது. பெயரை மறைத்துக் காட்டுங்கள், யார் மரம் என்பார்கள் பார்க்கலாம்.

மஞ்சள்மை:
நான் சொல்வேன்! பிள்ளை பிறந்த பிறகு பெயர் வைப்பதில்லையா? மனதில் சுமந்து திரியும் நிலக்காட்சிகளிலிருந்து வரைகிறேன் என்று அவரே சொன்னவர். தூரிகை போன போக்கைப் பாருங்கள். நடுவில் கிளை மாதிரி பக்கவாட்டில் வீசி, ஓரத்துக்குப் போகப் போக மெலிகிறது. மரத்தின் உருவத்தை விட்டுவிட்டு அது வளைவதை மட்டும் பிடித்திருக்கிறார். சின்ன வயதில் பனித்தளத்தில் சறுக்கு நடனம் ஆடியவர், அந்த வீச்சு கையில் இருக்காதா?

கரிக்கோடு:
வீச்சு சரி, இடம் எங்கே? 1968இலிருந்து பிரான்ஸில், சீன் ஆற்றைப் பார்த்த வீட்டில், வெத்தே என்ற ஊரில் இருந்தார். வரைந்ததோ பெரும்பாலும் ராத்திரியில், மின்விளக்கு வெளிச்சத்தில். அதே ஊரில் 1878 முதல் 1881 வரை இருந்த பிரெஞ்சு ஓவியர் மோனே வரைந்ததில் ஆறு ஆறாகத் தெரிகிறது. இவருடையதை மனநிலை என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

திண்ணைக்காரன்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். மிட்செலின் ‘லா கிராந்த் வாலே’ (பெரிய பள்ளத்தாக்கு) வரிசை, 1983–84, மொத்தம் 21 படம். அந்தப் பள்ளத்தாக்கை அவர் நேரில் பார்த்ததே இல்லை. தோழி தன் சிறுவயது ஞாபகமாகச் சொன்ன இடம். அப்போது அது யாருடைய நிலம்?

கரிக்கோடு:
இதைத்தானே நானும் கேட்கிறேன்!

மஞ்சள்மை:
அந்தப் படங்களில் அடிவானம் கிடையாது, மூச்சுவிட வெள்ளை இடமும் அதிகமில்லை. மஞ்சளும் நீலமும் கண்ணுக்கு நேரே அடர்ந்து நிற்கும். புல்லுக்குள் உட்கார்ந்த குழந்தைக்குப் பள்ளத்தாக்கு அப்படித்தான் தெரியும். நம் ஊர்க் குளத்தை நினைத்தால் உங்களுக்குக் கரையா முதலில் வருகிறது? எனக்குத் தண்ணீரில் வெயில் மினுங்குவதுதான். இன்னொன்று, மோனேயோடு ஒப்பிட்டாலே மிட்செலுக்கு எரிச்சல் வரும். ஆனாலும் 2022இல் பாரிஸில் இருவரையும் ஒன்றாக வைத்துக் கண்காட்சி நடத்தினார்கள். மோனேயின் கடைசிக்காலக் குளங்களிலும் பலவற்றில் கரையில்லை, வானம் தண்ணீருக்குள் கிடக்கிறது. அதைக் குளமில்லை என்று யாராவது சொன்னார்களா?

கரிக்கோடு:
அதில் அல்லிப்பூ இருக்கிறதே ஐயா!