ராஸ் லஃபான் வந்து 19 நாள், ஃப்ளேம் டிடெக்டர் கம்யூனிகேட்டரில் தெரியவே இல்லை, அவசரம்

அறந்தாங்கி_பையன் | திங்கள் இரவு 10:40

அண்ணன்கள் எல்லோருக்கும் வணக்கம். கத்தார் வந்து 19 நாள் ஆகிறது. டிப்ளமோ இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவன். ஊரில் சர்க்கரை ஆலையில் நாலு வருடம் இருந்தேன். பிரஷர், லெவல் ட்ரான்ஸ்மிட்டருக்குக் கம்யூனிகேட்டர் (கருவியோடு பேசி அமைப்பை மாற்றும் கைக்கருவி) மாட்டி ரேஞ்ச் மாற்றுவதெல்லாம் தண்ணீர் பட்ட பாடு. தீச்சுடரைக் கண்டுபிடிக்கும் ஃப்ளேம் டிடெக்டரை மட்டும் தொட்டதே இல்லை. இன்டர்வியூவில் கேட்டபோது "தெரியும் சார்" என்று சொல்லித் தொலைத்துவிட்டேன்.

இங்கே 24 டிடெக்டருக்கு சென்சிட்டிவிட்டி (எவ்வளவு தூரத்துத் தீயைப் பார்க்கும் என்ற அளவு) மாற்றச் சொல்லிக் கையில் ஒரு 475 மாடல் கம்யூனிகேட்டரைக் கொடுத்துவிட்டார்கள். இன்று மூன்றில் மாட்டிப் பார்த்தேன். மூன்றிலும் டிவைஸ் எதுவும் இல்லை என்றே வருகிறது. வியாழனுக்குள் முடிக்க வேண்டுமாம். "யார் இவனை செலக்ட் பண்ணியது" என்று சூப்பர்வைசர் எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டார். ப்ரொபேஷனில் இருக்கிறேன். திருப்பி அனுப்பிவிடுவார்களா? அக்கா நகையை அடகு வைத்துவிட்டு வந்திருக்கிறேன். தூக்கம் வரவில்லை.

ஜுபைல்_மாமா | 10:58

தம்பி, முதலில் சாப்பிட்டாயா? நான் 2011-ல் சவுதி வந்தபோது ஒரு ரூமில் எட்டுப் பேர். எனக்கு மேல்கட்டில், ஏசிக்கு நேர் கீழே. ராத்திரி முழுக்க நெற்றியில் சொட்டும், துண்டை நனைத்துப் பிழிந்து மறுபடி போர்த்திக்கொண்டு படுப்பேன். முதல் சம்பளம் 70 நாள் கழித்துத்தான் வந்தது. அதுவரை குப்பூஸ் ரொட்டியும் தயிரும். இதெல்லாம் தாண்டித்தான் வந்திருக்கிறோம். மெடிக்கல், கைரேகை முடித்து அடையாள அட்டையை முதலில் கையில் வாங்கு. அது இருந்தால்தான் நீ மனிதன்.

மணலி_டு_ஜூரோங் | 11:10

மாமா, கேட்டது டிடெக்டரைப் பற்றி. தம்பி, லூப்பில் (மில்லி ஆம்ப் போய்வரும் வயர் சுற்றில்) 250 ஓம் இருக்கிறதா பார். ஹார்ட் என்பது கம்யூனிகேட்டர் கருவியோடு பேசும் மொழி, 4-20 மில்லி ஆம்ப் மேல் ஏறி உட்கார்ந்த ஒரு சின்னச் சத்தம், 1200 ஹெர்ட்ஸும் 2200 ஹெர்ட்ஸும் மாறி மாறி, கூடக் குறைய அரை மில்லி ஆம்ப் அளவு. எதிரில் ரெசிஸ்டன்ஸ் இல்லாவிட்டால் பவர் சப்ளை அதை அப்படியே விழுங்கிவிடும். குறைந்தது 230 ஓமாவது வேண்டும். நாங்கள் 250 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் பேனா மாதிரி சட்டைப் பையிலேயே வைத்திருப்போம்.

மஸ்கட்_மணி | 11:21

அதெல்லாம் இல்லை. 475 பழசு. அதில் அந்த டிடெக்டருக்கான டிடி ஃபைல் (அந்தக் கருவியின் மெனு விவரம்) இருக்காது. அதற்கடுத்த புது மாடல் ட்ரெக்ஸைக் கேட்டு வாங்குங்கள், ஐந்து நிமிட வேலை.

மணலி_டு_ஜூரோங் | 11:26

டிடி இல்லாவிட்டாலும் ஜெனரிக்கில் (பொது மெனுவில்) டேகும் (கருவியின் பெயர்) மில்லி ஆம்பும் வந்து நிற்கும். உள்ளே போய் சென்சிட்டிவிட்டியைத் தொட முடியாது, அவ்வளவுதான். டிவைஸே இல்லை என்று சொன்னால் அது டிடி பிரச்சினை கிடையாது. வயரில்தான் ஏதோ இருக்கிறது.

மஸ்கட்_மணி | 11:30

நான் 475-க்கு முந்தைய 375 காலத்திலிருந்து பார்க்கிறேன் ஐயா.

மணலி_டு_ஜூரோங் | 11:31

நான் மட்டும் நேற்றா பிறந்தேன்.

கோண்டாவில்_டொராண்டோ | 11:45

தம்பி, நான் ராஸ் லஃபானிலதான் ஆறு வருசம் இருந்தனான், பிறகுதான் கனடா வந்தது. உங்கட பயம் விளங்குது. கத்தார் சட்டப்படி ப்ரொபேஷன் ஆறு மாதத்துக்கு மேல் போக ஏலாது. உங்கட கொன்ட்ராக்டில எத்தனை மாதம் என்று பாருங்கோ. மெடிக்கல், கைரேகை பற்றி மாமா சொன்னது பழைய கதை. இப்ப இந்தியாவில இருந்து வாற ஆக்களுக்கு அதெல்லாம் கத்தார் விசா சென்டரிலயே முடியுது, சென்னையிலயும் ஒன்று இருக்கு. கொன்ட்ராக்டும் அங்கதான் ஒப்பமிட்டிருப்பீர்கள், பிரதி உங்களிட்ட இருக்கோணும்.

ஒரு சூப்பர்வைசர் கத்தினதுக்காக ஒருத்தரும் ஆளை விமானம் ஏத்துறதில்லை. எனக்குத்தான் இங்க வந்து முதல் குளிர்காலம் முழுக்க ஒரு கிடங்கில பெட்டி தூக்க வேண்டி வந்தது. 14 வருச அனுபவம் என்று சொன்னால், "கனடிய அனுபவம் இருக்கோ" என்று கேட்பினம்.

மஸ்கட்_மணி | 11:52

அந்த டிடெக்டர் யூவி-ஐஆரா (புற ஊதா, அகச்சிவப்பு இரண்டையும் பார்ப்பது), மூன்று ஐஆரா (மூன்று அகச்சிவப்புப் பட்டையைப் பார்ப்பது) என்று கேளுங்கள். யூவி என்றால் பக்கத்தில் வெல்டிங் நடந்தாலே கத்தும். மூன்று ஐஆர்தான் சரி.

ஜுபைல்_மாமா | 11:57

மூன்று ஐஆர் எல்லா இடத்துக்கும் சரி வராது. ஹைட்ரஜன் எரிந்தால் கார்பன் டை ஆக்சைடு ஏது? சூடான கார்பன் டை ஆக்சைடு ஒளிரும் அந்த 4.3 மைக்ரான் பட்டையில் ஒன்றும் இருக்காது. சாதாரண மூன்று ஐஆர் எதிரிலேயே நின்று பார்த்துக்கொண்டிருக்கும். அதற்கென்று தனி மாடல் உண்டு.

சலாலா_சரவணன் | செவ்வாய் காலை 5:15

ஏஜென்டுக்கு எவ்வளவு கொடுத்தாய் தம்பி? நான் கொடுத்த பணத்தில் ஊரில் ஒரு டீக்கடை போட்டிருக்கலாம். மெஸ் சாம்பாரில் பருப்பைத் தேட வேண்டுமென்றால் அதற்கும் ஒரு டிடெக்டர் வேண்டும்.

ஜுபைல்_மாமா | 5:20

எங்கள் மெஸ்ஸில் திங்கள் ரசம்தான் செவ்வாய் சாம்பார்.

(மெஸ் பற்றி வந்த இன்னும் 11 பதில்கள் சுருக்கப்பட்டுள்ளன)

தீ_வாயு_அக்கா | செவ்வாய் மாலை 6:05

எல்லோரும் சாம்பாரைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். அபுதாபியில் ஃபயர் அண்ட் கேஸ் சிஸ்டத்தில் வேலை பார்க்கிறேன். தம்பி, நீங்கள் சொல்லாமல் விட்டது நாலு விஷயம். டிடெக்டரின் முழு மாடல் நம்பர் என்ன, ஹார்ட் ஆப்ஷன் அதில் இருக்கிறதா? க்ளிப்பை எந்த டெர்மினலில் மாட்டினீர்கள்? மாட்டும்போது பேனலில் இன்ஹிபிட் (அலாரம் வந்தாலும் சிஸ்டம் செயல்படாமல் தடுப்பது) போட்டிருந்ததா? புதிய சென்சிட்டிவிட்டி அளவை யார் கொடுத்தது, எழுத்தில் இருக்கிறதா?

அறந்தாங்கி_பையன் | 8:30

அக்கா, மாடல் நம்பர் லேபிள் வெயிலில் வெளுத்துப்போய் பாதிதான் தெரிகிறது. மூடியைக் கழற்றி 24 வோல்ட் ப்ளஸ், மைனஸில்தான் க்ளிப் மாட்டினேன். ட்ரான்ஸ்மிட்டரில் எப்போதும் அந்த இரண்டு வயர்தானே. உள்ளே ஒரு ரெசிஸ்டர் ஏற்கெனவே இருக்கிறது, மணலி அண்ணா சொன்ன 250 ஓம் அதுதான் என்று நினைக்கிறேன். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு. இன்ஹிபிட்டை பேனல் ஆபரேட்டர் போட்டிருப்பார் என்று நினைக்கிறேன். அளவு சூப்பர்வைசர் வாயால் சொன்னதுதான், "எல்லாவற்றையும் 30 மீட்டர் பண்ணு" என்றார்.

தீ_வாயு_அக்கா | 8:52

தம்பி, ஒரே பதிலில் இரண்டு "நினைக்கிறேன்". இந்த வேலையில் அந்தச் சொல்லுக்கு இடமே கிடையாது.

முதலில் பாதுகாப்பு. பெரும்பாலான ப்ளான்ட்டில் ஒரு டிடெக்டர் தீயைப் பார்த்தால் கன்ட்ரோல் ரூமில் அலாரம் மட்டும் வரும். ஒரே ஸோனில் இரண்டு பார்த்தால் தீ உறுதி என்று எடுத்துக்கொண்டு சிஸ்டம் தானாகவே டெலூஜைத் (தண்ணீரைக் கொட்டித் தீயணைக்கும் அமைப்பு) திறக்கும், யூனிட்டை நிறுத்தும். நேற்று நீங்கள் மூன்றைத் தொட்டிருக்கிறீர்கள். மூன்றும் ஒரே ஸோனா? இன்ஹிபிட் போட்டதை ஆபரேட்டர் வாயால் சொல்லி, பெர்மிட்டில் எழுதி, நீங்கள் கண்ணால் பார்த்த பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். இன்னொன்று, அது எக்ஸ் டி பெட்டி, உள்ளே வெடித்தாலும் நெருப்பு வெளியே வராதபடி செய்தது. அந்த ஏரியாவில் கரன்ட் இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. ஐசொலேட் பண்ண (கரன்டைத் துண்டிக்க) வேண்டும், இல்லையென்றால் கேஸ் டெஸ்ட்டோடு ஹாட் வொர்க் பெர்மிட் (தீப்பொறி வரக்கூடிய வேலைக்கான அனுமதி) வேண்டும்.

ஜுபைல்_மாமா | 9:01

அக்கா சொல்வது சத்தியம். நான் முன்பு இருந்த ஒரு இடத்தில் ஒருவர் லூப் டெஸ்ட் என்று கம்யூனிகேட்டரிலிருந்து 20 மில்லி ஆம்ப் அனுப்பினார். பக்கத்து டிடெக்டரில் வேறொருவர் டெஸ்ட் லாம்ப் காட்டிக்கொண்டிருந்தார். ஒருவருக்கு இன்னொருவர் இருப்பதே தெரியாது. டெலூஜ் திறந்து பம்ப் ஏரியா முழுக்க வெள்ளம். சாப்பாட்டு டப்பா மிதந்து வந்தது. சிரிப்பாக இருக்கும், ஆனால் அன்றைக்கு இரண்டு பேர் வேலை போயிற்று.

தீ_வாயு_அக்கா | 9:20

சரி, இப்போது உங்கள் பிரச்சினை. ஃப்ளேம் டிடெக்டர் இரண்டு வயர் ட்ரான்ஸ்மிட்டர் மாதிரி கிடையாது. அதற்கு 24 வோல்ட் பவர் தனி, மில்லி ஆம்ப் அவுட்புட் தனி டெர்மினல். ஹார்ட் வருவது அந்த மில்லி ஆம்ப் டெர்மினலில்தான். பவர் டெர்மினலில் ராத்திரி முழுக்க மாட்டி வைத்தாலும் ஒன்றும் தெரியாது.

அந்த ரெசிஸ்டர் 250 ஓம் இல்லை. பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10 கிலோ ஓம். அது எண்ட் ஆஃப் லைன் ரெசிஸ்டர், ரிலே (மின் ஸ்விட்ச்) வழியாகப் பேனலுக்குப் போகும் லைன் அறுந்ததா என்று பார்ப்பதற்கு. அதைக் கழற்றினால் ஃபால்ட் வரும், கழற்றாதீர்கள். ஆனால் அதுவே ஒரு விஷயத்தைக் காட்டிக்கொடுக்கிறது. உங்கள் ப்ளான்ட்டில் அலாரமும் ஃபால்ட்டும் ரிலேயில்தான் போகிறது போல. மில்லி ஆம்ப் டெர்மினலில் வயர் ஏதாவது இருக்கிறதா?

அறந்தாங்கி_பையன் | 9:34

போட்டோ எடுத்திருந்தேன், இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு டெர்மினல் காலி அக்கா. வயரே இல்லை.

மணலி_டு_ஜூரோங் | 9:36

அப்படியென்றால் அங்கே லூப்பே கிடையாது. நானும் லூப் லூப் என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

தீ_வாயு_அக்கா | 9:58

ஆமாம். ஃபீல்டுக்குப் போகாதீர்கள். ஸ்டோரில் அதே மாடல் ஸ்பேர் ஒன்று கேட்டு ஒர்க்‌ஷாப் மேஜைக்குக் கொண்டுவாருங்கள். ஸ்பேரில் லேபிள் வெளுத்திருக்காது, மாடல் நம்பரை மேனுவலில் வைத்து ஹார்ட் ஆப்ஷன் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் எந்தக் கம்யூனிகேட்டர் வந்தாலும் பயனில்லை, வேறு வழியில்தான் செட் பண்ண வேண்டும்.

ஹார்ட் இருந்தால், மேனுவலில் டெர்மினல் படத்தைப் பார்த்து அவுட்புட் சோர்ஸா (கரன்டைத் தானே தருவது) சிங்க்கா (வெளியிலிருந்து வாங்குவது) என்று உறுதி செய்யுங்கள். சோர்ஸ் என்றால் மில்லி ஆம்ப் டெர்மினலிலிருந்து 0 வோல்ட்டுக்கு 250 ஓமைப் போடுங்கள். சிங்க் என்றால் ப்ளஸ் 24-லிருந்து மில்லி ஆம்ப் டெர்மினலுக்கு. பவர் கொடுத்து, அது ஸ்டார்ட் ஆகி முடியும்வரை பொறுத்து, க்ளிப்பை அந்த ரெசிஸ்டரின் இரு முனையிலும் மாட்டுங்கள். அதற்குமுன் மீட்டரில் 4 மில்லி ஆம்ப் வருகிறதா பாருங்கள். நான் பார்த்த மாடல்களில் 4 என்றால் நார்மல், 16 எச்சரிக்கை, 20 தீ, 2-உம் அதற்குக் கீழும் ஃபால்ட். 4 வரவில்லையென்றால் கம்யூனிகேட்டரைத் திட்டிப் பயனில்லை. 4 வந்தும் டிவைஸ் தெரியவில்லையென்றால் போல் அட்ரஸை (லூப்பில் கருவியின் எண்) 0-லிருந்து தேடச் சொல்லுங்கள்.

உள்ளே போனதும் எதையும் மாற்றாமல் எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். சென்சிட்டிவிட்டி, அலாரம் தாமத நொடிகள், லாட்சிங்கா (தீ போனாலும் அலாரம் தொடர்வது) இல்லையா, ஹீட்டர், எல்லாம். ஃபீல்டில் ஒவ்வொன்றுக்கும் அந்தக் காலி டெர்மினலில் 250 ஓம் போட்டு இதே மாதிரி.

இந்த 30 மீட்டர் விஷயம். சில மாடல்களின் மேனுவலில் 65 மீட்டர் என்று போட்டிருப்பது 0.1 சதுர மீட்டர் தட்டில் ஹெப்டேன் எரித்துப் பார்த்த கணக்கு. 30-க்கு இறக்கினால் அதே தீயைப் பாதித் தூரத்தில்தான் பார்க்கும். எந்த டிடெக்டர் எந்தப் பம்பைக் காக்கிறது என்று வரைந்தவர் முடிவு பண்ண வேண்டியது அது, நீங்களோ சூப்பர்வைசரோ இல்லை. கையெழுத்திட்ட டேட்டாஷீட்டைக் கேளுங்கள். பணிவாகக் கேளுங்கள், ஆனால் கேளுங்கள்.

மஸ்கட்_மணி | 10:05

அப்படிக் கேட்டால் இன்னும் கோபம் வரும். முதலில் முடித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் கேட்கலாம்.

கோண்டாவில்_டொராண்டோ | 10:11

இல்லை மணி அண்ணை. பேப்பர் இல்லாமல் மாத்தினால் நாளைக்கு ஏதும் நடந்தால் "அந்தப் பொடியன்தான் மாத்தினது" என்று சொல்லுவினம். மின்னஞ்சலில இரண்டு வரி எழுதிக் கேட்டால் போதும். மற்றது, இப்ப ஜூன். காலை 10-லிருந்து மதியம் 3:30 வரைக்கும் வெளியில வெயிலில வேலை செய்யக் கூடாது, செப்டம்பர் 15 வரைக்கும் அதுதான் சட்டம். அதால வியாழனுக்குள் 24 என்பது எப்படியும் நடக்காது, அதையும் அந்த மின்னஞ்சலிலேயே போடுங்கோ.

அறந்தாங்கி_பையன் | புதன் மாலை 7:15

அக்கா, ஸ்பேரில் ஹார்ட் இருக்கிறது. சோர்ஸ் டைப். 250 ஓம் போட்டு மாட்டியதும் நாலு நொடியில் டேக் வந்தது. கை நடுங்கிவிட்டது. சென்சிட்டிவிட்டியை மாற்றி, திருப்பிப் படித்து, மறுபடி பழைய அளவுக்கே வைத்துவிட்டேன்.

மின்னஞ்சல் அனுப்பினேன். சூப்பர்வைசர் முதலில் முறைத்தார். அப்புறம் இன்ஜினியர் வந்து டேட்டாஷீட் கொடுத்தார். அதில் 24-க்கும் 30 மீட்டர் இல்லை, ஒன்பது டிடெக்டருக்கு மட்டும்தான். மற்றதெல்லாம் அப்படியே இருக்க வேண்டும். சூப்பர்வைசர் ஒன்றும் பேசவில்லை, டீ வாங்கிக் கொடுத்தார். நாளை காலை 5 மணிக்கு ஹாட் வொர்க் பெர்மிட், கேஸ் டெஸ்ட்டோடு, முதல் மூன்று டிடெக்டர்.

தீ_வாயு_அக்கா | 7:40

அந்த மூன்றையும் ஒவ்வொன்றாக முடியுங்கள். ஒன்றை மூடி, பவர் கொடுத்து, டெஸ்ட் லாம்ப் காட்டி, பேனலில் அலாரம் வந்ததா என்று ரேடியோவில் கேட்டு, ரீசெட் ஆனபிறகு அடுத்தது. லாட்சிங் என்றால் தானாக ரீசெட் ஆகாது, பேனலில் சொல்லுங்கள். கண்ணாடியைத் துடைக்க மறக்காதீர்கள், கத்தார் புழுதி லாம்பையே மறைக்கும். கடைசியில் இன்ஹிபிட்டை எடுத்தாச்சா என்று பார்த்துவிட்டுப் பெர்மிட்டில் கையெழுத்துப் போடுங்கள்.

ஜுபைல்_மாமா | 7:52

எல்லாம் சரி. அடையாள அட்டை வந்ததா?

அறந்தாங்கி_பையன் | 7:55

நேற்றே கைக்கு வந்துவிட்டது மாமா. இன்று மெஸ்ஸில் சாம்பார்தான், பருப்பு இருந்தது.