சாயங்காலம் மெஷினை அணைச்சா பிளாக் வரமாட்டேங்குது: டிஃபிகல்டி கோடுல தப்பா?

வண்ணாரப்பேட்டை லேப்:
பிட்காயின் விதியைப் பார்த்து நாங்க எழுதின பிளாக்செயின். பிளாக்குக்கு 30 விநாடி, 60 பிளாக்குக்கு ஒருதடவை டிஃபிகல்டி (பிளாக் கண்டுபிடிக்கிற கஷ்டம்) மாறும், ஒரு தடவைக்கு நாலு மடங்குக்கு மேல ஏறவோ இறங்கவோ கூடாதுன்னு வரம்பு உண்டு. பகல்ல ஒரே மாதிரி 24 மெஷின், சாயங்காலம் ரெண்டு மட்டும். அப்புறம் ஒரு பிளாக்குக்கு 5, 6 நிமிஷம், சிலதுக்கு 15. இப்ப கடைசி உயரம் 4331. போன வாரம் 24-உம் ஓடும்போதே டிஃபிகல்டி திடீர்னு கால்பங்கா விழுந்துச்சு. ஏன்ணே?

ராயபுரம் நோடு:
தம்பி, கோடு சொன்னதைத்தான் செய்யுது. ஹேஷ் பவர், அதாவது மெஷின்களோட மொத்தக் கணக்கு வேகம், 12-ல ஒரு பங்கு, அதனால சராசரி 6 நிமிஷம். டிஃபிகல்டி 4380-லதான் மாறும். இன்னும் 48 பிளாக், 4 மணி 48 நிமிஷம். அங்கயும் கால்பங்குக்குக் கீழ இறங்காது, பிளாக்குக்கு 90 விநாடியில நிக்கும். இன்னொரு ஒன்றரை மணி நேரம் கழிச்சுத்தான் 30. காலையில 24-உம் வந்தா ஏத்தம் பன்னிரண்டரை நிமிஷத்துல முடிஞ்சிடும். பிளாக்கை எண்ணி மாத்துற முறையில இறக்கம்தான் இழுக்கும். 2021-ல சீனா மைனிங்கைத் தடுத்தப்போ பிட்காயினும் 2016 பிளாக் முடியக் காத்திருந்து, ஜூலை 3-லதான் சுமார் 28 சதவீதம் இறங்குச்சு.

கொருக்குப்பேட்டை:
கால்பங்கா விழுந்தது கடிகாரத்தால. டூயல் பூட் மெஷின் (விண்டோஸ், லினக்ஸ் ரெண்டும் இருக்கறது) இருக்கா? விண்டோஸ் மதர்போர்டு கடிகாரத்துல நம்ம ஊர் நேரத்தை எழுதும், லினக்ஸ் அதை யுடிசின்னு (உலகப் பொது நேரம்) படிக்கும், ஐந்தரை மணி நேரம் முன்னாடி ஓடும். அந்த மெஷின் 60-வது பிளாக்கை எடுத்தா 30 நிமிஷ வேலை 6 மணி நேரம்னு கணக்காகும், செயின் மெதுவா ஓடுதுன்னு கோடு டிஃபிகல்டியை இறக்கிடும்.

வண்ணாரப்பேட்டை லேப்:
ரெண்டு இருக்கு. பிளாக்ல எவ்வளவு எதிர்கால நேரம் வரலாம்னு வரம்பே எழுதல.

கொருக்குப்பேட்டை:
பிட்காயினோட 2 மணி நேர வரம்பை அப்படியே போடாதீங்க, 30 நிமிஷ கணக்குக்கு அதுவே அஞ்சு மடங்கு. 60 விநாடி வைங்க. டைம்ஸ்டாம்ப் (பிளாக்ல எழுதற நேரம்) கடைசி 11 பிளாக்கோட நடு நேரத்தைத் தாண்டணும்னும் சேருங்க. எல்லா மெஷின்லயும் கடிகாரத்தைச் சரிசெய்யுற குரோனி புரோகிராம் ஓடட்டும்.

ராயபுரம் நோடு:
சாயங்காலப் பிரச்சினைக்கு டிஃபிகல்டியை மாத்துற அசெர்ட் (ASERT) முறைக்கு மாறுங்க. பிட்காயின் கேஷ் 2020 நவம்பர்லேர்ந்து அதுலதான் ஓடுது. ஒவ்வொரு பிளாக்குக்கும் டார்கெட் மாறும்; டார்கெட் கூடினா டிஃபிகல்டி குறையும். ஆங்கர் பிளாக்லேர்ந்து (கணக்கு ஆரம்பிக்கிற பிளாக்) செயின் எத்தனை விநாடி பின்தங்கியிருக்குன்னு பாருங்க. அரை ஆயுள் 1800 விநாடின்னா, ஒவ்வொரு 1800-க்கும் டார்கெட் இரட்டிப்பு. 22 மெஷின் போனாலும் ஒன்றே முக்கால் மணி நேரத்துல சராசரி 60 விநாடிக்கு வந்துடும். புது முறைக்கு மாறுற உயரத்தை 4500-ன்னு முன்னாடியே குறிச்சு, அதுக்குள்ள எல்லா நோடையும் புதுசாக்குங்க. ஒண்ணு விட்டாலும் செயின் ரெண்டாப் பிரியும். டார்கெட் கணக்குல வர்ற 2-ன் அடுக்கைத் தசமத்துல கணக்கிடாதீங்க, முழு எண்ல மட்டும். கடைசி பிட்டுல ரெண்டு மெஷின் வேறுபட்டாலும் அங்கயும் பிரியும்.