காஸ்ட் ரெக்கவரி: செலவு மீட்பா, கட்டண ஈடா?

அனைவருக்கும் வணக்கம்.

இங்கிலாந்தின் பொது நீச்சல் குளங்கள் பற்றிய அறிக்கையைத் தமிழாக்கும் நண்பர் அனுப்பிய பட்டியலில் மூன்று சொற்கள் உறுத்துகின்றன.

> காஸ்ட் ரெக்கவரி – செலவு மீட்பு

வாராக்கடன் மீட்பு, வெள்ள மீட்பு என்று பழகிய காதுக்கு, மீட்பு என்றாலே ஏதோ கைவிட்டுப் போய்விட்டது என்று படும். குளத்துக்குப் போட்ட பணம் எங்கும் தொலைந்துபோகவில்லை. நடத்தும் செலவில் எவ்வளவை நுழைவுக் கட்டணமும் பயிற்சிக் கட்டணமும் ஈடுகட்டுகின்றன என்பதுதான் இங்கே கணக்கு. அதனால் 'கட்டண ஈடு' என்கிறேன். வங்கித் தமிழில் ஈடு பிணையத்தையும் குறிக்கும், சரி. ஆனால் முன்னால் 'கட்டணம்' நிற்பதால் குழப்பம் வராது.

> மீதித் தொகை – நட்டம்

கட்டணம் ஈடுகட்டாத மீதிச் செலவை நட்டம் என்பதை ஏற்கவே முடியாது. சொத்து வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். நூலகம் நட்டத்தில் ஓடுகிறது என்று யாரும் எழுதுவதில்லை. குளத்துக்கு மட்டும் ஏன்? ஊரார் எல்லாரும் சேர்ந்து போடுவதால் இதைப் 'பொதுப்பங்கு' என்போம்.

இது வெறும் சொல் நயத்துக்காக இல்லை. இங்கிலாந்தில் குளம் நடத்துவது உள்ளாட்சிக்குச் சட்டக் கடமை அல்ல. 2022-இல் எரிவாயு, மின்சார விலை எகிறியதும் பல இடங்களில் திறப்பு நேரத்தைக் குறைத்தார்கள், சில குளங்களை மூடினார்கள். 2023 மார்ச் வரவுசெலவுத் திட்டத்தில் அரசே 6 கோடி பவுண்டுக்கு மேல் ஒதுக்க வேண்டி வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் ஏட்டில் 'நட்டம்' என்று ஒரு வரி இருந்தால் முதலில் கை வைப்பது அதில்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குளத்தின் மாதச் செலவு 5 லட்சம் ரூபாய். 10,000 பேர் வருகிறார்கள், தலைக்கு 20 ரூபாய் கட்டணம். வரவு 2 லட்சம். கட்டண ஈடு 40 விழுக்காடு. பொதுப்பங்கு 3 லட்சம், அதாவது ஒரு வருகைக்கு 30 ரூபாய். இப்போது கட்டணத்தை 40 ரூபாய் ஆக்குகிறார்கள். வருகை 6,000-ஆகக் குறைகிறது. செலவு குறையாது: ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மோட்டார் ஓட வேண்டும், வடிகட்டி ஓட வேண்டும், உயிர்காப்பாளர் கரையில் நிற்க வேண்டும். வரவு 2.4 லட்சம், கட்டண ஈடு 48 விழுக்காடு. பார்வைக்கு முன்னேற்றம். ஆனால் ஒரு வருகைக்கான பொதுப்பங்கு 43 ரூபாயாகிவிட்டது, 4,000 வருகைகளும் போயின. வராமல் போனவர்கள் பெரும்பாலும் யாராக இருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. கட்டண ஈட்டை மட்டும் பார்த்தால் இது கண்ணில் படவே படாது. அதனால் அறிக்கையில் 'வருகைக்கான பொதுப்பங்கு' பக்கத்திலேயே வர வேண்டும்.

> சோஷியல் ரிட்டர்ன் ஆன் இன்வெஸ்ட்மென்ட் – முதலீட்டின் மீதான சமூக வருவாய்

'மீதான' தமிழில் ஒட்டவில்லை. அதைவிட 'வருவாய்' ஆபத்து. இங்கிலாந்தில் விளையாட்டுக்கும் உடற்பயிற்சிக்கும் செலவாகும் ஒவ்வொரு பவுண்டுக்கும் 3.91 பவுண்டு பயன் என்று 2020-இல் ஒரு மதிப்பீடு வந்தது. உடல்நலம், மனநிறைவு போன்றவற்றுக்குப் பண மதிப்புப் போட்டுச் சேர்த்த எண் அது. 'வருவாய்' என்று எழுதினால் உள்ளாட்சி மன்றத்தின் கணக்கர் அந்தப் பணத்தைப் பெட்டியில் தேடுவார். காணாவிட்டால் அறிக்கை முழுவதையும் நம்பமாட்டார். 'சமூகப் பெறுபயன்' போதும். அப்புறம், அந்த 3.91 மொத்த விளையாட்டுத் துறைக்கும் சேர்த்துப் போட்ட கணக்கு. தனி ஒரு குளத்தின் மேல் ஏற்றக் கூடாது. அடிக்குறிப்பில் இதைச் சேர்த்துவிடுங்கள்.

பட்டியலில் உள்ள 'சலுகைக் கட்டணம்' நன்றாகவே இருக்கிறது, அப்படியே விடலாம். பொதுப்பங்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் யாரிடமாவது இருந்தால், பங்குச் சந்தைப் பங்கோடு குழம்பாததாக, சொல்லுங்கள். மற்ற இரண்டையும் ஏற்கிறீர்கள் என்றால் அகராதிப் பக்கத்தில் ஏற்றிவிடுகிறேன்.