முதல் டிசம்பர், ஆறு விருந்தாளி, ஒரு சீஸ் மேசை

கேள்வி:
நான் ராயபுரம். செப்டம்பரில்தான் இங்கிலாந்தில் லீட்ஸ் நகருக்கு வந்தேன். 25ஆம் தேதி கிறிஸ்துமஸ் மதியம் ஆறு பேரைச் சாப்பிடக் கூப்பிட்டுவிட்டேன். அதில் இரண்டு பேர் சுத்த சைவம், ஒரு அக்கா ஐந்து மாதம் முழுகாமல் இருக்கிறார், ஒருவர் ஆபீஸில் கூட வேலை செய்யும் வெள்ளைக்காரர். வான்கோழி வைக்கிற அளவுக்கு ஓவன் இல்லை. சீஸை வைத்தே விருந்தை முடித்துவிடலாம் என்கிறார்கள். எனக்குத் தெரிந்த சீஸ் அமுல் மட்டும்தான். யாராவது வழி சொல்லுங்களேன்.

பதில்:
தம்பி, பெரம்பூர் அக்கா எழுதுகிறேன். பதினொரு வருடமாக அந்த நாட்டில்தான் இருக்கிறேன். இப்போது லீவில் அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறேன். லூர்து மாதா கோயில் பக்கம் ஸ்டார் கட்ட ஆரம்பித்துவிட்டார்கள், உள்ளே அம்மா கல்கல் பொரித்துக்கொண்டிருக்கிறார். அந்த வாசனையில் உட்கார்ந்து சீஸைப் பற்றி எழுதுவது கொஞ்சம் கஷ்டம்தான்.

அமுல் தெரியும் என்று வெட்கப்படாதே. எங்கள் பக்கத்து வீட்டு ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி கிறிஸ்துமஸ் தவறாமல் ஒரு அமுல் டின்னைத் திறந்து சதுரம் சதுரமாக வெட்டுவார். பப்பாளிக்காயை இரண்டாகப் பிளந்து, வெள்ளித்தாள் சுற்றிக் கவிழ்த்து வைப்பார். பல்குத்தும் குச்சியில் சீஸ் ஒன்று, அன்னாசித் துண்டு ஒன்று கோத்து, அதன் மேல் முள்ளம்பன்றி மாதிரி குத்தி நிறுத்துவார். இங்கிலாந்து போன பிறகுதான் தெரிந்தது, 1970களில் அந்த ஊர்ப் பார்ட்டிகளிலும் இதே முள்ளம்பன்றி இருந்திருக்கிறது. உன் ஆபீஸ் நண்பர் கொஞ்சம் வயதானவர் என்றால் முதலில் அதை நீட்டு, சிரித்துவிடுவார்.

சமையலுக்கு முன்னால் தேதியைப் பார். 25ஆம் தேதி அங்கே ரயில் ஓடாது. 280 சதுர மீட்டருக்கு மேல் உள்ள கடைகள் அன்றைக்குத் திறக்கவே கூடாது என்று இங்கிலாந்தில் 2004இல் சட்டமே போட்டிருக்கிறார்கள். நம் ஊர் மாதிரி பூசை முடிந்து வந்து தெருமுனையில் கொத்தமல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதே. 23ஆம் தேதிக்குள் எல்லாம் வீட்டில் இருக்கட்டும். கார் இல்லாதவர்கள் எப்படி வருவார்கள் என்பதையும் இப்போதே கேட்டுவிடு.

அப்புறம், வெறும் சீஸ் தட்டை மதியச் சாப்பாடு என்று வைக்காதே. நான் முதல் வருடம் ஏழு வகை வாங்கிப் பணத்தைக் கரியாக்கினேன். எல்லோரும் 'சூப்பர், சூப்பர்' என்றார்கள். வீட்டுக்குப் போய் ரசம் வைத்துச் சாப்பிட்டார்கள் என்று ஜனவரியில் காதில் விழுந்தது.

நம் ஆட்களுக்குச் சரிப்பட்டு வருவது ராக்லெட்தான். சுவிட்சர்லாந்தில் வலே என்ற மலைப்பகுதியின் சாப்பாடு. பாதிச் சக்கர சீஸை நெருப்புக்கு முன்னால் காட்டி, உருகியதைச் சுரண்டித் தட்டில் விடுவார்கள். பெயரே பிரெஞ்சில் சுரண்டுவதற்கான சொல்லிலிருந்து வந்ததுதான். இப்போது வீடுகளில் மேசை நடுவில் ஒரு மின்சார கிரில் வைத்து, ஆளுக்கொரு குட்டி வாணலி கொடுத்துவிடுகிறார்கள். தோலோடு வேகவைத்த சின்ன உருளைக்கிழங்கை உடைத்து, குமிழ் விட்டு உருகிய சீஸை அதன் மேல் சரிக்க வேண்டும், அவ்வளவுதான். சமைப்பவர் அடுப்படியிலேயே நிற்க வேண்டியதில்லை, பேச்சும் நிற்காது. கிரில்லைப் போடும்போது ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வை, இல்லாவிட்டால் ஸ்மோக் அலாரம் கத்தி மானத்தை வாங்கிவிடும்.

சீஸ் ஆளுக்கு 200 கிராம் என்பார்கள். கூடச் சோறு இருந்தால் 150 போதும். சோறு என்றால் ஆன்ட்டி வைக்கும் மஞ்சள் தேங்காய்ப்பால் சாதம், கறி சாப்பிடுபவர்களுக்குக் கொஞ்சம் கோலா உருண்டைக் குழம்பு. சுவிஸ்காரர்கள் உருளைக்கிழங்கோடு வினிகரில் ஊறிய குட்டி வெள்ளரிக்காய் வைப்பார்கள். நான் மாவடு வைப்பேன். மாவடு அதைவிட ஒரு படி மேல் என்பது என் கட்சி. எலுமிச்சை ஊறுகாய் வேண்டாம், சீஸிலேயே உப்பு தூக்கலாக இருக்கும்.

இப்போது சைவக்காரர்கள். இங்கேதான் பலர் தெரியாமல் பாவம் சேர்த்துக்கொள்கிறார்கள். பாலைத் திரிய வைக்கும் ரென்னெட் பழைய முறையில் கன்றுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுப்பது. பார்மிஜானோ, க்ரூயேர், வலே ராக்லெட் எல்லாம் அப்படித்தான். ஆனால் பிரிட்டன் சூப்பர்மார்க்கெட்டில் கிடைக்கும் செடார் என்ற கெட்டிச் சீஸில் நிறைய வகை சைவ ரென்னெட்டில் செய்தவை. லேபிளில் சைவர்களுக்கு உகந்தது என்று போட்டிருக்கிறதா பார். ரொம்ப முதிர்ந்த செடார் உருகும்போது எண்ணெய் கக்கும், அதனால் இளசாக வாங்கு, அல்லது ரெட் லெஸ்டர் என்ற சீஸ் வாங்கு. அவர்கள் இரண்டு பேரின் வாணலிக் கைப்பிடியில் சிவப்பு நூல் கட்டிவிடு. நான் அப்படித்தான் செய்கிறேன். யாரும் கேட்டுக் கேட்டுச் சாப்பிட வேண்டியிராது.

முழுகாமல் இருக்கும் அக்காவுக்கு ப்ரீ, கமாம்பேர் என்ற மென்மையான சீஸ்களையும் மென்மையான நீலப் பூஞ்சை வகைகளையும் பச்சையாகக் கொடுக்கக் கூடாது, லிஸ்டீரியா கிருமி பயம். செடார் மாதிரி கெட்டிச் சீஸ் பரவாயில்லை.

கடைசியில் ஒரு சின்னத் தட்டு, மூன்றே வகை: ஒரு செடார், ஒரு ப்ரீ, நீலப் பூஞ்சை ஓடும் ஒரு ஸ்டில்டன். ஸ்டில்டன்தான் இங்கிலாந்துக்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் சீஸ். டெர்பிஷயர், லெஸ்டர்ஷயர், நாட்டிங்காம்ஷயர் மூன்றில் மட்டும்தான் அந்தப் பெயரில் செய்யலாம். வேடிக்கை என்னவென்றால், ஸ்டில்டன் என்ற ஊர் அந்த மூன்றிலும் இல்லை, அந்த ஊர்க்காரர்கள் செய்தால் அந்தப் பெயரை வைக்க முடியாது! நாற்றம் என்று மூக்கைப் பிடிக்காதே. காசிமேட்டுக் கருவாட்டு வாசனையில் வளர்ந்த நாம் அப்படிச் செய்தால் நியாயமில்லை. ஒரு மணி நேரம் முன்னாலேயே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வை. சில்லென்று இருந்தால் சோப்பு மாதிரிதான் இருக்கும்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஒருவர்:
அக்கா, மீந்தால்?

பதில்:
ஸ்டில்டனை ப்ரோக்கோலி சூப்பில் போடு, அந்த ஊர்க்காரர்களும் அதைத்தான் செய்கிறார்கள். செடாரைத் துருவித் தோசை மேல் தூவு.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி அக்கா. அந்த கிரில் வாங்க இப்போது கையில் காசு இல்லை, வீட்டு அட்வான்ஸிலேயே எல்லாம் போய்விட்டது.

பதில்:
வாங்காதே. ஆபீஸில் கேட்டுப் பார், யாராவது வீட்டு அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். கிடைக்கவில்லையா, வேகவைத்த உருளைக்கிழங்கைத் தட்டில் பரப்பி, மேலே சீஸ் அடுக்கி, உன் சின்ன ஓவனில் மேல்பக்கச் சூட்டில் ஐந்து நிமிடம் வை. சைவத்துக்குத் தனித் தட்டு. ஓரம் லேசாகச் சிவந்ததும் எடுத்துவிடு, மாவடு ஜாடியை மறக்காதே.