பேய் இல்லாத வீட்டு விளையாட்டு: டெமோவில் ஆட்கள் நிற்பதில்லை, உதவி தேவை

காரைக்குடியிலிருந்து தனியாளாகக் கணினி விளையாட்டு ஒன்றை உருவாக்கி வருகிறேன். கோடோ 4 என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில், விண்டோஸ் கணினிக்காக. பாகப்பிரிவினைக்கு முன் கானாடுகாத்தானில் பூட்டிக் கிடக்கும் வீட்டைத் திறந்து, முகப்பு, வளவு (நடு முற்றமும் அதைச் சுற்றிய பகுதியும்), அதற்குப் பின்னுள்ள இரண்டாங்கட்டு என்று போய்ச் சாமான்களுக்குப் பட்டியல் எழுதுவதுதான் ஆட்டம்.

டெமோ ஆடுபவர்கள் வளவுக்கு வருமுன்பே வெளியேறிவிடுகிறார்கள். ஸ்டீம் என்ற இணைய விளையாட்டுக் கடையில் இதை விருப்பப்பட்டியலில் சேர்ப்பவர்களின் எண்ணிக்கை நகரவே இல்லை. முன்னோட்டக் காணொளியைச் சுருக்கினேன், ஆங்கில வசனம் சேர்த்தேன், ஆத்தங்குடிக் கல் தளத்தைக் கடைப்பக்கப் படமாக்கினேன், பலனில்லை. ஒரு பதிப்பாளர் பேயைச் சேர்க்கச் சொல்கிறார். எனக்கு மனமில்லை. பர்மா தேக்குத் தூணில் வெயில் ஏறுவதையும் பாத்திரத்தில் வெட்டிய விலாசத்தையும் (உரிமையாளரின் பெயரெழுத்துகள்) நின்று பார்க்க வைக்கத்தான் இதைத் தொடங்கினேன்.

பிப்ரவரியில் நெக்ஸ்ட் ஃபெஸ்ட், அதாவது வரவிருக்கும் விளையாட்டுகளின் டெமோக்களுக்காக ஸ்டீம் நடத்தும் விழா; ஒரு விளையாட்டுக்கு ஒரு முறைதான் அனுமதி. பேய் இல்லாமலே ஆடுபவரை முதல் ஐந்து நிமிடம் நிறுத்திவைக்க, டெமோவை எந்த இடத்திலிருந்து தொடங்கலாம்?