ஜார்ஜியாவில் மாமா

நித்யா: மாமா, நேற்று உங்களோடு போனில் பேசிக்கொண்டே ரொட்டிக் கடையில் நின்றேன் இல்லையா? நான் "மாமா, மாமா" என்று சொன்னதைக் கேட்ட கடைக்காரப் பாட்டி, அப்பாவிடம் பேசுகிற பிள்ளை என்று நினைத்து, மண் அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த ரொட்டி ஒன்றைக் கூடுதலாகத் தாளில் சுற்றிக் கொடுத்தார். ஜார்ஜிய மொழியில் மாமா என்றால் அப்பா! (ரொட்டிக்குப் பெயர் பூரி, அது வேறு கதை)

ரவி மாமா: அப்படியா! அம்மாவுக்கு?

நித்யா: தேதா. தாத்தாவுக்கு பாப்பா. சேவலுக்கு மாமலி.

அம்மா: சாப்பிட்டியாம்மா?

தாத்தா: இங்கிருந்து போன சொல்லாக இருக்குமோ?

கார்த்திக்: இல்லை தாத்தா, ஜார்ஜிய மொழி நம் மொழிக்கும் ரஷ்ய மொழிக்கும் உறவில்லாத தனிக் குடும்பம். பல் முளைக்காத குழந்தைகூட உதட்டைச் சேர்த்துப் பிரித்தால் ம, ப வந்துவிடும், ரோமன் யாக்கப்சன் என்ற மொழியியலாளர் 1960இலேயே இதை விளக்கி எழுதியிருக்கிறார். குழந்தை சும்மா ஒலி எழுப்புகிறது, பக்கத்தில் இருக்கிற பெரியவர்கள்தான் என்னைத்தான் கூப்பிடுகிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். சீனத்திலும் சுவாஹிலியிலும் "மாமா"வை அம்மா எடுத்துக்கொண்டார், ஜார்ஜியாவில் அப்பா, நம் வீட்டில் அம்மாவோடு பிறந்தவர்.

செல்வி சித்தி: உண்மைதான்டா. என் மகன் முதன்முதலில் "ம்மா" என்றபோது நான் அழுதேவிட்டேன், அவன் டியூப் லைட்டைப் பார்த்துத்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

தாத்தா: தாய்மொழிக்கு அங்கே என்ன சொல்கிறார்கள்?

நித்யா: தேதா ஏனா, அப்படியே தாய்மொழிதான் தாத்தா. கோகெபாஷ்விலி என்பவர் 1876இல் பிள்ளைகளுக்கு எழுதிய பாடநூலின் பெயரும் அதுவே. அப்புறம் ஒன்று, வந்த புதிதில் பஸ்ஸில் ஒருவர் தன் சின்னப் பெண்ணுக்கு ஷூ லேஸ் கட்டிவிட்டுக்கொண்டே அவளை "மாமிகோ, மாமிகோ" என்றார், அப்பாவே பிள்ளையை ஏன் அப்பா என்கிறார் என்று எனக்கு விளங்கவில்லை. இங்கே அம்மாவும் பிள்ளையை தேதா என்றுதான் கூப்பிடுவார். மேலே அம்மா கேட்டிருப்பதைப் பாருங்கள், "சாப்பிட்டியாம்மா". அதேதான்!

அம்மா: ஆமாம், இத்தனை வருஷம் கவனிக்கவே இல்லை. சாப்பிட்டியா, சொல்லு.

நித்யா: சாப்பிட்டேன்மா, அந்த ரொட்டிதான்.

ரவி மாமா: பாட்டியிடம் நான் அப்பா இல்லை என்று சொன்னாயா?

நித்யா: இல்லை மாமா. தாய்மாமனுக்கு இங்கே பிட்ஸா என்று சொல் இருக்கிறது, எனக்கும் தெரியும். ஏர்போர்ட்டில் கடைசிவரை நின்றது நீங்கள்தானே, திருத்த மனசு வரவில்லை.