காஸ்மிக் ஹாரர் (மனிதனைக் கண்டுகொள்ளாத பிரபஞ்சத்தின் முன் வரும் அச்சம்) கதைகள்: உங்களை இன்னும் விடாத ஒரு இடம் எது?

ஒற்றைவிளக்கு

ஸ்டீபன் கிங்கின் 'என்.' படித்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மைன் மாநிலத்து வயல், நட்டு வைத்தது போல நிற்கும் கற்கள், ஓசிடி (ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநலப் பிரச்சினை) உள்ள ஒரு நோயாளி, அவர் சொல்வதைக் குறித்துக்கொள்ளும் மனநல மருத்துவர். என்னைப் பிடித்துக்கொண்டது அந்த கேமரா. வெறும் கண்ணுக்கு ஏழு கல். கேமரா வழியே பார்த்தால் எட்டு. கேமராவை இறக்கினால் மறுபடி ஏழு. ரத்தம் இல்லை, அலறல் இல்லை. எட்டாவது கல் இருக்கும்வரைதான் அந்தப் பக்கத்து உலகில் இருப்பது இந்தப் பக்கம் வராது. அந்தக் கல் இருக்க வேண்டுமானால் நோயாளி எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும், தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

மருத்துவர் நோய் என்று எழுதிக்கொண்டது உண்மையில் காவலாக இருந்தால்? அந்தச் சந்தேகம் வந்த பக்கத்தில் புத்தகத்தைக் கவிழ்த்துவிட்டு ஜன்னல் கம்பிகளை எண்ணினேன். இரட்டைப்படையில் முடிந்தது. கதையில் இரட்டைப்படைதான் நல்லது. எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதி ஏன் வந்தது என்பதுதான் இப்போதும் உறுத்துகிறது.

கடலடி

'என்.' நல்ல கதை, மறுக்கவில்லை. ஆனால் காவல் காத்துத் தடுக்க முடிகிற ஒன்றை நான் காஸ்மிக் ஹாரரில் சேர்க்க மாட்டேன். ஒரு மனிதன் எண்ணினால் பிரபஞ்சம் கட்டுப்படுகிறது என்றால் அவனுக்கு அங்கே பெரிய இடம் கொடுத்தாயிற்றே!

எனக்கு பீட்டர் வாட்ஸின் 'தி திங்ஸ்'. 2010-இல் கிளார்க்ஸ்வேர்ல்ட் இதழில் வந்தது. ஜான் கார்ப்பென்டரின் 1982 படத்தில் அண்டார்டிகா முகாமுக்குள் புகுந்து ஆட்களாகவே உருமாறும் அந்த உயிர்தான் கதைசொல்லி. மனித உடலுக்குள் போன அது மூளையைக் கண்டுபிடிக்கிறதே, அந்த இடம். அதற்குத் தெரிந்த உயிர்களில் உடல் முழுவதுமே சிந்திக்கும். இங்கேயோ மண்டையோட்டுக்குள் அடைந்து கிடக்கும் ஒரு கட்டி, உடம்பில் வேறெதையும் யோசிக்க விடாமல் எல்லாவற்றையும் தானே நடத்துகிறது. இது புற்றுநோய், சிந்திக்கிற புற்றுநோய் என்று அது முடிவுகட்டுகிறது. வாசித்துக்கொண்டிருந்த என் கை தானாகத் தலைக்குப் போயிற்று.

அது நம்மை வெறுக்கவில்லை. நம்மைப் பார்த்து அதற்குப் பரிதாபம். அந்தப் பரிதாபம் கடைசி வரியில் என்னவாக மாறுகிறது என்பதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஒற்றைவிளக்கு

@கடலடி, கட்டுப்படுகிறது என்று எங்கே இருக்கிறது? எண்ணியவர்களில் யார் பிழைத்தார்? நோயாளி தற்கொலை செய்துகொள்கிறார். மருத்துவரும் அதே வழியில் போகிறார். அவர் குறிப்புகள் சகோதரியின் கைக்கு வருகின்றன. வாசித்தவருக்கெல்லாம் தொற்றுகிறது. ஒருவர் போனால் அடுத்தவர், அவ்வளவுதான். இதைப் பெரிய இடம் என்று சொல்வீர்களா?

செங்கல்வீதி

நீங்கள் இருவரும் பிரபஞ்சம் மனிதனைக் கண்டுகொள்ளாததைத்தான் உச்சபட்ச பயமாக வைத்துப் பேசுகிறீர்கள். என்னால் அப்படி வாசிக்க முடியாமல் செய்தது விக்டர் லவாலின் 'தி பேலட் ஆஃப் பிளாக் டாம்' (2016). சிறுகதை அல்ல, குறுநாவல். இருந்தாலும் ஒரே மூச்சில் முடிக்கலாம்.

இந்த வகைக் கதைகளுக்கு முன்னோடியான அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட், நியூயார்க்கின் ரெட் ஹூக் பகுதி பற்றி எழுதி 1927-இல் வெளிவந்த கதை இருக்கிறதே, குடியேறிகளைப் பற்றி அருவருப்பு கொட்டிக் கிடக்கும் கதை. அதே களத்துக்குள் ஹார்லெமைச் சேர்ந்த டாமி டெஸ்டர் என்ற கறுப்பின இளைஞனை லவால் நடக்க விடுகிறார். டாமி வெளியே போயிருக்கும்போது அவன் அப்பாவைத் தனியார் துப்பறிவாளர் ஒருவர் வீட்டுக்குள்ளேயே சுட்டுக் கொல்கிறார். அப்பாவின் கையில் இருந்தது கிடார். துப்பறிவாளர் அதைத் துப்பாக்கி என்று நினைத்தாராம். ரிவால்வர் காலியாகும்வரை சுட்டேன், பிறகு மறுபடி குண்டு போட்டுச் சுட்டேன் என்று மகனிடமே சொல்கிறார். குரலில் ஏற்ற இறக்கம்கூட இல்லை. பக்கத்தில் நிற்கும் காவல்துறைக்காரருக்கும் அதில் தவறு எதுவும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு டாமிக்கு, கண்டுகொள்ளாத ஒரு பிரபஞ்சம் என்பது பயமாகவே தெரியவில்லை, ஆறுதலாகத் தெரிகிறது. மனிதர்கள் கண்டுகொண்டால் என்ன நடக்கும் என்று பார்த்துவிட்டவன் அவன். இத்தனைக்கும் லவால் இந்தப் புத்தகத்தை லவ்கிராஃப்டுக்கே சமர்ப்பித்திருக்கிறார், தன் மனதிலுள்ள முரண்பட்ட உணர்வுகள் எல்லாவற்றோடும் என்று சொல்லி. நானும் அப்படித்தான் லவ்கிராஃப்டை வாசிக்கிறேன்.

பழையவாசகன்

என் அனுபவம் சின்னது. சார்லஸ் ஸ்ட்ராஸின் 'எ கோல்டர் வார்', 2000-இல் வந்தது. பனிப்போர்க்கால வல்லரசுகள் அணு ஆயுதம் பதுக்குவது போல லவ்கிராஃப்ட் கதைகளில் வரும் பயங்கரங்களைப் பதுக்கி வைத்திருக்கின்றன. சாவாவது விடுதலை தரும் என்று பார்த்தால், விழுங்கப்பட்டவர்களுக்கு மறதியும் இல்லை, ஓய்வும் இல்லை என்று முடிவில் தெரிகிறது. அதோடு அன்றைய தூக்கம் போயிற்று.

புதிதாக வருகிறவர்களுக்குச் சில விஷயம் சொல்லிவிடுகிறேன். லவ்கிராஃப்ட் படைத்த கதுல்ஹு என்ற ராட்சத உருவத்தின் கதையில் ஆரம்பிக்காதீர்கள். இணையத்தில் அதன் பொம்மையையும் படத்தையும் பார்த்துப் பார்த்து அந்த உருவத்தில் இருந்த அச்சமெல்லாம் வடிந்துவிட்டது. 1927-இல் வந்த அவருடைய 'தி கலர் அவுட் ஆஃப் ஸ்பேஸ்' முதலில் படியுங்கள். விண்கல் விழுகிறது, கிணறு கெடுகிறது, பயிர் கெடுகிறது, மாடுகள் சாம்பல் நிறமாகி உதிர்கின்றன, ஒரு குடும்பமே கண்ணெதிரில் கரைகிறது. வந்ததற்குக் கோபமும் கிடையாது, திட்டமும் கிடையாது. அதை நிறம் என்று சொல்வதுகூட வேறு சொல் இல்லாததால்தான். அடுத்து பின்னால் போய் ஆல்ஜெர்னான் பிளாக்வுட்டின் 'தி வில்லோஸ்' (1907). டான்யூப் நதியில் ஒரு மணல் தீவு, இரண்டு நண்பர்கள், சுற்றிலும் செடிகள். அதை வைத்தே பயமுறுத்திவிடுவார். அப்புறம் அமெரிக்கத் திகில் எழுத்தாளர் தாமஸ் லிகோட்டியின் சிறுகதைகள். தொகுப்பை வரிசையாக முடிக்காதீர்கள். ஒரு கதை, பிறகு சில நாள் இடைவெளி. அடுத்தடுத்து வாசித்தால் முடிவு எப்படி வரும் என்று மனம் முன்கூட்டியே ஊகிக்கத் தொடங்கிவிடும். எழுத நினைக்கிறவர்கள் இரண்டை விட்டுவிடுங்கள்: வாயில் நுழையாத கடவுள் பெயர், கடைசிப் பத்தியில் கதைசொல்லிக்குப் பைத்தியம் பிடிப்பது. முக்கியமாக, எந்தக் கதைக்கும் படம் தேடாதீர்கள். காட்டினால் செத்துவிடும் வகை இது.

கோட்டோவியம்

பழையவாசகன் சார், நீங்கள் சொன்ன வரிசை சரி. கடைசி அறிவுரையை மட்டும் என்னால் ஏற்க முடியாது. ஜப்பானிய மாங்கா (படக்கதை) கலைஞர் ஜுன்ஜி இட்டோவின் 'அமிகாரா' சிறுகதை முழுக்கப் படம்தான். நிலநடுக்கத்தில் மலை பிளந்து, பாறை முழுக்க மனித உருவத் துளைகள் தெரிகின்றன. பார்க்க வந்த கூட்டத்தில் ஒருவன் ஒரு துளையின் முன் நின்று, இது எனக்காக வெட்டியது என்கிறான். உடைகளைக் களைந்துவிட்டு உள்ளே போகிறான். அச்சாகப் பொருந்துகிறது! யாரும் தள்ளவில்லை, யாரும் அழைக்கவில்லை. தன் அளவிலேயே ஒன்று இருப்பதைப் பார்த்தவனால் போகாமல் இருக்க முடியவில்லை. இதை வார்த்தையில் எழுதியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அந்தக் கோட்டுருவத்தில் தோளின் சரிவும் விரல்களின் இடைவெளியும் கண்ணுக்குத் தெரிவதால்தான் நம்ப முடிகிறது.

இட்டோ எல்லாவற்றையும் வரைந்து காட்டுகிறார். ஆனால் துளைகளை யார், எதற்காக வெட்டினார்கள் என்று மட்டும் உறுதியாகச் சொல்வதே இல்லை. மறைக்க வேண்டியது உருவத்தை அல்ல, காரணத்தைத்தான் என்பது என் கட்சி. நீங்கள் முதலில் படிக்கச் சொன்ன விண்கல் கதையிலும் அழிவு ஒவ்வொன்றும் கண்ணெதிரிலேயே நடக்கிறதே.